வண்டி உங்களுடையது, பேட்டரி யாருடையது?

எம்.ஜி. வின்ட்சர் மின்சாரக் கார் 2024 செப்டம்பரில் அறிமுகமானபோது அதற்கு இரண்டு விலை இருந்தது. ஷோரூம் விலையாக 9.99 லட்சம் ரூபாய் ஒன்று, 13.50 லட்சம் இன்னொன்று. கார் ஒன்றேதான். முதல் விலையில் பேட்டரி சேரவில்லை. அதற்குத் தனியாக, ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 ரூபாய் 50 காசு. அடுத்த ஆண்டு ஹீரோ நிறுவனமும் தன் விடா ஸ்கூட்டரை இதே முறையில் விற்கத் தொடங்கியது.

அதிலிருந்து டீக்கடைப் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. “பேட்டரி பூடுச்சுன்னா வண்டியே பூடுச்சு, அதனால வாடகைதான் நல்லது” என்பது ஒரு கட்சி. “ஓட ஓடக் காசா? இது மீட்டர் வட்டி” என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி, பேட்டரி எப்படி மூப்படைகிறது, அதன் சொந்தக்காரர் யார் என்ற இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் நிறுவனத்தின் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் ஆலை 2021 முதல் இயங்குகிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வண்டி தயாரிப்பது நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதை விற்கும் முறை எப்படி மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

சிலிண்டரில் எழுதியிருக்கும் தேதி

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு உங்களுடையது. எரியும் வாயுவுக்கு விலை கொடுக்கிறீர்கள். இரும்பு உருளைக்கு டெபாசிட் மட்டும் கட்டியிருக்கிறீர்கள். அது என்றைக்கும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து.

அடுத்த முறை சிலிண்டர் வந்தால் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ‘பி 28’ என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு. ஏ, பி, சி, டி ஆகியவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். அதற்குள் அந்த உருளை மறுசோதனைக்குப் போயாக வேண்டும். புது உருளைக்கு முதல் சோதனை 10 ஆண்டில், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. இதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டியவர் உருளையின் சொந்தக்காரர்.

அந்த உருளையை ஒவ்வொரு வீடும் விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “இன்னும் ஒரு வருஷம் தாங்கும்” என்று பாதிப் பேர் சோதனையைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஓட்டை விழுந்ததைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருப்பார்கள். விற்ற நிறுவனத்துக்கோ, உருளை சீக்கிரம் கெட்டால் இன்னொன்று விற்கும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். வணிக மாதிரி என்றால், ஒரு பொருளில் யார் எதற்குப் பணம் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார், அது கெட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்ற ஏற்பாடு. பொருளின் தொழில்நுட்பம் அப்படியே இருக்க, இந்த ஏற்பாட்டை மட்டும் மாற்றினாலே அதன் ஆயுளும் கழிவும் மாறும். ‘பசுமை வாகனம்’ என்று பேசுகிறவர்கள் மோட்டாரையும் பேட்டரியையும் பற்றியே பேசுவார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

இதில் கார் தொழில் சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. டயர் நிறுவனமான மிஷலின் 2000-ம் ஆண்டு வாக்கிலேயே ஐரோப்பிய லாரி கம்பெனிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் டயர் தரத் தொடங்கிவிட்டது. டயர் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்ததால் காற்று குறையாமல் பார்ப்பதும், தேய்ந்த டயருக்குச் சரியான நேரத்தில் புது மேல்பரப்பு ஒட்டும் ரீட்ரெட் செய்வதும் அதன் வேலையாயிற்று. முதல் சில ஆண்டுகள் அதில் நிறுவனத்துக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல யோசனை என்பதாலேயே கல்லா நிரம்பிவிடாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒரு பொருள் நீடித்து உழைப்பதால் யாருக்கு லாபமோ, அவரிடம் அதன் உரிமை இருந்தால் அது நீடித்து உழைக்கும்.

பேட்டரி இரும்பு உருளை இல்லை

சிலிண்டர் உவமை இவ்வளவு தூரம்தான் வரும். நூறு முறை வாயு நிரப்பினாலும் இரும்பு இளைக்காது. பேட்டரி அப்படி இல்லை. ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் குறையும், சும்மா நின்றாலும் குறையும்.

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். நம் மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்டும் ஒரு கிலோவாட் மணியும் ஒன்றே. வின்ட்சரின் முதல் பேட்டரி 38 கிலோவாட் மணி, அதாவது 38 யூனிட் பிடிக்கும். புதிதாக இருந்தபோது பிடித்த அளவில் இன்று எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதே பேட்டரியின் நலநிலை. 38 பிடித்தது 30.4 ஆகக் குறைந்தால் நலநிலை 80 சதவீதம். வண்டி அப்போதும் ஓடும். ஒரு சார்ஜுக்குப் போகும் தூரம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே ‘பேட்டரி போச்சு’ என்பது ஒரே நாளில் நடக்கும் மரணம் இல்லை. அப்படித் திடீரென்று நிற்பவற்றில் பல, ஏதோ ஒரு செல் மட்டும் கெட்டதால், அல்லது அவற்றைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை கெட்டதால் நிற்பவை. அந்தப் பலகையின் பெயர் பி.எம்.எஸ். செல்களின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, ஆபத்து என்றால் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை.

மூப்பு இரண்டு வகை. ஒன்று சுழற்சி மூப்பு: முழுதாக ஏற்றி முழுதாக இறக்கினால் ஒரு சுழற்சி. மற்றது நாட்பட்ட மூப்பு: பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம்.

காரில் பலர் பயப்படுவது முதல் வகைக்கு. கணக்குப் போட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் வீண். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி சுமார் 2,000 சுழற்சியாவது தாங்கும். ஒரு சுழற்சிக்கு நிஜமாக 250 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 5 லட்சம் கிலோமீட்டர் ஆகிறது. அதற்குள் காரின் மற்ற பாகங்கள் ஓய்ந்துவிடும். ஸ்கூட்டருக்கு இந்தச் சலுகை இல்லை. 2 யூனிட் பேட்டரியில் ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர், நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகை என்றால் சுமார் 1,000 சுழற்சி, ஆக 60,000 கிலோமீட்டர். தினமும் ஊர் சுற்றும் டெலிவரிக்காரர் அதை இரண்டு ஆண்டில் தாண்டிவிடுவார்.

நம் ஊரில் காருக்கு உண்மையான எதிரி வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் சிதைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தோராயமான விதி. கத்தரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் அதற்கும் மேல். முழு சார்ஜோடு அந்த வெக்கையில் நாள்கணக்கில் நிறுத்துவது பேட்டரிக்குச் செய்யும் பெரிய கெடுதல். காற்றாலேயே ஆறும் ஸ்கூட்டர் பேட்டரியை வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். நிக்கல் வகை பேட்டரியைத் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. இரும்பு பாஸ்பேட் வகையை வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்ற வேண்டும். அதன் மின்னழுத்தம் நடுவில் ஒரே மட்டமாக இருப்பதால், முழுதாக ஏற்றினால்தான் பி.எம்.எஸ். மீதியைச் சரியாகக் கணிக்கும். இல்லையென்றால் திரையில் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுபோகலாம்.

வாடகை முறையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பேட்டரி நிறுவனத்தினுடையது, தகர ஷெட் உங்களுடையது. எவ்வளவு சூட்டில் நின்றது, எத்தனை முறை வேக சார்ஜர் போட்டது என்பதையெல்லாம் நிறுவனம் வண்டியிலிருந்தே இணையம் வழியாகத் தெரிந்துகொள்ள முடியும். உரிமை அவர்களிடம் இருந்தால் கண்காணிப்பும் அவர்களிடம் இருக்கும். அது பிடிக்காதவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

வின்ட்சரின் அறிமுக விலைகளையே வைத்துக்கொள்வோம். பேட்டரியோடு வாங்குவதற்கும் இல்லாமல் வாங்குவதற்கும் வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50 ரூபாயால் வகுத்தால் ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டர். வட்டியை மறந்துவிட்டால் இதுதான் இரண்டு வழியும் சமமாகும் புள்ளி. அதே 3.51 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக எடுத்தால் திருப்பிக் கட்டுவது சுமார் 4.37 லட்சம், சமப்புள்ளி 1.25 லட்சம் கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவர் நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் 1,500 கிலோமீட்டர். ஆண்டுக்கு 18,000. கடனில் வாங்கியிருந்தால் சுமார் 7 ஆண்டில் சமப்புள்ளி. அதற்கு மேலும் வண்டியை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் அவருக்குச் சொந்தப் பேட்டரிதான் மலிவு.

காந்தி நகருக்குள்ளேயே சுற்றி மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வாடகை லாபம் என்று தோன்றும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர், 21,000 ரூபாய், 3.51 லட்சம் சேர 16 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வரி இருக்கக்கூடும்: மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்று. அது 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் 5,250 ரூபாய். 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 50 காசு ஆகிவிடும். ‘ஓடினால் மட்டும் கட்டினால் போதும்’ என்ற விளம்பர வாசகம் அந்த ஒரு வரியில் காணாமல் போகிறது. நம் பார்வையில், இந்தத் திட்டங்களில் முதலில் படிக்க வேண்டியது விலையை இல்லை, அந்த வரியைத்தான்.

கிலோமீட்டர் கட்டணத்தில் மின்சாரம் சேராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சார்ஜ் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் காருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிறது என்றால் மொத்தம் 600. தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்காதீர்கள். 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும்.

வாடகையா, தவணையா?

மாதாமாதம் கட்டுவதெல்லாம் வாடகை ஆகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கட்டி முடித்த பிறகு பேட்டரி எங்கே போகிறது?

கட்டி முடித்ததும் அது உங்களுக்கே சொந்தமாகும் என்றால், அது கிலோமீட்டர் கணக்கில் வசூலாகும் தவணைக் கடன். தவறில்லை, கையில் முன்பணம் குறைவாக இருப்பவருக்கு உதவும். ஆனால் பேட்டரி நீடித்து உழைக்கும் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது. இந்தியாவில் கார்களுக்கு வரும் இத்தகைய திட்டங்களில் நடுவில் நிதி நிறுவனம் நிற்கிறது. அதற்குத் தெரிந்தது வட்டிக் கணக்கு. பத்தாவது ஆண்டில் அந்தப் பேட்டரியை வைத்து என்ன செய்வது என்பது அதன் தொழிலே இல்லை.

என்றைக்கும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்து, நலநிலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அவர்களே மாற்றித் தருவார்கள் என்றால் அதுதான் சேவை. மலிவாகச் செய்து சீக்கிரம் கெட்டால் நஷ்டம் அவர்களுக்கு. சிலிண்டரில் நடப்பது இங்கேயும் நடக்கும்.

ஐரோப்பாவில் ரெனோ நிறுவனம் ஸோயி என்ற காரைப் பல ஆண்டுகள் இப்படித்தான் விற்றது: கார் சொந்தம், பேட்டரி மாத வாடகை. புது வண்டிக்கு நன்றாகவே ஓடியது. இரண்டாம் கைக்கு விற்கப் போனபோது தகராறு. வாங்குகிறவர் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்க வேண்டியிருந்ததால் விலை படியவில்லை. பிற்பாடு நிறுவனம் அந்த முறையையே கைவிட்டது.

மாற்று நிலையம்: ஆட்டோவுக்குச் சரி, காருக்குச் சிரமம்

இன்னொரு வழி, காலிப் பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்வது. வண்டியைப் பேட்டரி இல்லாமல் விற்கவும் பதிவு செய்யவும் மத்திய அரசு 2020 ஆகஸ்டிலேயே வழிவிட்டது.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோ மாதிரியான தொழிலுக்கு இது கச்சிதம். சார்ஜ் ஏறும் மூன்று மணி நேரம் சவாரி போகும். மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும். பேட்டரியும் ஒருவர் கையால் தூக்கும் எடை. கார் பேட்டரி முந்நூறு கிலோ அளவில் வரும். மாற்ற இயந்திரம் வேண்டும். அதைவிடப் பெரிய தடை, ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரியின் வடிவம் வேறு. 2007-ல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் என்ற நிறுவனம் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் கார்களுக்கு மாற்று நிலையங்கள் கட்டியது. சுமார் 85 கோடி டாலர் திரட்டியும், அந்த நிலையங்களுக்குப் பொருந்தும் கார் ரெனோ ஃப்ளுவன்ஸ் ஒன்றுதான். வண்டிகள் போதிய அளவு விற்கவில்லை. 2013 மே மாதம் திவாலானது. சீனாவின் நியோ நிறுவனம் அதே யோசனையை நடத்திக்காட்டுகிறது என்றால், காரும் பேட்டரியும் நிலையமும் அதன் கையிலேயே இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆக இந்த இரண்டு பகுதிகளின் சாரம்: தவணை என்பது கடன், வாடகை என்பது பொறுப்பு கைமாறுவது. மாற்று நிலையம், ஒரே வடிவப் பேட்டரி நிறைய வண்டிகளில் ஓடும் இடத்தில் மட்டும் பிழைக்கும்.

கடைசியில் அது எங்கே போகும்

காருக்கு ஓய்ந்த பேட்டரி வேறு வேலைக்கு ஓய்ந்தது ஆகாது. 70 சதவீத நலநிலையில் உள்ள 38 யூனிட் பேட்டரி இன்னும் 26.6 யூனிட் பிடிக்கும். சோலார் மின்சாரத்தைச் சேமித்து ஒரு சின்ன கிளினிக்கையோ கடையையோ மின்வெட்டில் தாங்கலாம். இதை இரண்டாம் ஆயுள் என்பார்கள். அதுவும் முடிந்தால் மறுசுழற்சி: மின்சாரத்தை முழுதாக இறக்கி, பிரித்து, அரைத்து, கிடைக்கும் கரும்பொடியிலிருந்து அமிலத்தால் உலோகங்களைப் பிரிப்பார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நிக்கலும் கோபால்ட்டும் உள்ள பேட்டரியின் கரும்பொடிக்கு விலை உண்டு. யாராவது தேடி வந்து வாங்குவார்கள். பாதுகாப்பிலும் ஆயுளிலும் மேலான இரும்பு பாஸ்பேட் வகையில் அந்த இரண்டும் இல்லை. எடுக்கிற செலவுக்கு வருமானம் போதாது. விலை இல்லாத கழிவைச் சந்தை தானாக வந்து அள்ளாது. அதற்கு ஒரு பொறுப்பாளி வேண்டும்.

பொறுப்பாளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வட்டாரம் பார்த்திருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமியம் ரசாயனம் தயாரித்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டது. விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். ஆலைக்கு முதலாளி இல்லாமல் போனார். கழிவுக்குச் சுற்றியிருந்த கிணறுகள் சொந்தமாயின.

2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனமே அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. 2027-28 முதல் புதிய மின்வாகனப் பேட்டரியில் 5 சதவீதமாவது மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். 2030-31-ல் அது 20 சதவீதம். ஆனால் பத்துக் கை மாறிய பேட்டரியைத் தேடிப் பிடிப்பதைவிட, உரிமையை விட்டே கொடுக்காத பேட்டரியைத் திரும்ப எடுப்பது எளிது. உண்மையான வாடகை முறையின் பசுமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கிலோமீட்டர் கட்டணத்தில் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, கட்டணம் ஆண்டுதோறும் கூடுமா, ஜி.எஸ்.டி. அதில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்த நலநிலைக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘8 ஆண்டு வாரண்டி’ என்ற வார்த்தை மட்டும் போதாது. வாரண்டி முடிந்து பேட்டரியைத் தனியாக வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; பேட்டரியோடு சேர்ந்த மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்போடு பேட்டரியின் மதிப்பும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் வண்டி மூழ்கி, பேட்டரி விடுபட்டிருந்தால், நிதி நிறுவனம் மீதிப் பணத்தை உங்களிடம்தான் கேட்கும்.

இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டிக் கடன் தீர்ந்ததாக இருக்கலாம். பேட்டரிக்குத் தனி ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். பேட்டரியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு நிதி நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றையும், சர்வீஸ் சென்டரில் எடுத்த நலநிலை அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.